ஆறாம் ஆண்டுச் சிறுமியும் பள்ளிக் கழிப்பறையும்



வீட்டில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் செய்தி ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். பள்ளி செல்லும் பெண் பிள்ளைகளின் மாதவிடாய்த் தூய்மையே அது.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 9 முதல் 15 வயதிற்குள் பூப்பெய்துகின்றனர். மலேசியாவில் ஆரம்பப்பள்ளிப் படிப்பு 12 வயதில் முடிகிறது. ஆகவே, இது இடைநிலைப்பள்ளிக்கு மட்டும் உரிய கவலையன்று. நம் தமிழ்ப்பள்ளிகளின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு வகுப்புகளிலேயே தொடங்கிவிடுகிறது. அங்குள்ள கழிப்பறையில் தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் இல்லையென்றால், அச்சிறுமி என்ன செய்வாள்? காலையில் வைத்த அணையாடையை மாற்றாமலே பள்ளி முடியும் வரை அமர்ந்திருப்பாள். அல்லது பள்ளிக்கே வரமாட்டாள்.

அணையாடையை 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. ஈரம் நீடித்தால் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாகலாம். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றித் தொட்டியில் இட வேண்டும். கழிப்பறைக் குழியில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். துணி பயன்படுத்துவோர் அதனை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வெட்கப்பட்டு ஈரத்துணியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பது தவறு.

சில வீடுகளில், சடங்கு முடியும் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. சடங்கை நாம் குறை கூறவில்லை. மாமன் சீர் கொண்டு வரட்டும். மஞ்சள் நீராட்டும் நடக்கட்டும். ஆனால், அதைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? மாதவிடாய் நோயன்று, வளர்ச்சியின் அடையாளம். அந்நாட்களில் குளிக்கலாம், படிக்கலாம், விளையாடலாம். வலி தாங்க முடியாமற் போனாலோ, உதிரப்போக்கு 7 நாளுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதிரத்தோடு இரும்புச்சத்தும் போவதால் கீரை, பருப்பு, முட்டை, நெத்திலி ஆகியவற்றை உணவில் சேர்க்க வேண்டும்.

அணையாடை வாங்க வசதியற்ற குடும்பங்களும் உண்டு. 2021 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களின் 130,000 பதின்ம வயதுப் பெண்களுக்கு அணையாடை உள்ளிட்ட தூய்மைப் பொருள்கள் அறிவிக்கப்பட்டன. அரசாங்கமே கவனித்த குறை இது என்பதை நாம் மறக்கலாகாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே மூடியுள்ள தொட்டி, ஆசிரியையிடம் சில அணையாடைகள், மாற்றிக்கொள்ள ஒரு சீருடை. இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

தாய்மார்களே, மகளுக்கு 9 வயது நிறைந்துவிட்டதா? இன்றே அவளை அருகில் அமர்த்திச் சொல்லுங்கள். முதல் முறை உதிரத்தைக் காணும்போது அவள் அஞ்சி அழாமல் இருக்க வேண்டுமானால், அதற்கு முன்பே நாம் பேசியிருக்க வேண்டும்.