மார்ஃபின் அலமாரியின் சாவி

புற்றுநோய் வார்டில் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், வலி மருந்துக்கு நேரே அடிக்கடி கண்ணில் படுவது 'எஸ்.ஓ.எஸ்.' என்ற குறிப்பு. தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்பது அதன் பொருள். தேவைப்படுகிறதா என்று முடிவு செய்வது யார்? எழுதிய மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துப் போயிருப்பார். இரவு இரண்டு மணிக்கு நோயாளி முனகும்போது பக்கத்தில் இருப்பவர் நைட் டூட்டி செவிலியர் மட்டும்தான். இது அபூர்வமான நிலைமையும் அல்ல. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களில் 55 சதவீதம் பேருக்கும், நோய் முற்றியவர்களில் 66 சதவீதம் பேருக்கும் வலி இருக்கிறது. ஆகவே செவிலியருக்கு வலி மேலாண்மையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி: கற்றதைச் செய்வதற்கான உரிமையையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், அந்தப் பயிற்சியால் நோயாளிக்குப் பெரிய பலன் இல்லை.

முதலில் என்ன கற்க வேண்டும் என்று பார்ப்போம். செவிலியரின் வலி அறிவைச் சோதிக்க பெட்டி ஃபெரெல், மார்கோ மெக்கஃபெரி என்ற இரு அமெரிக்கச் செவிலியர்கள் 1987இல் ஒரு வினாத்தாள் உருவாக்கினார்கள். பல நாடுகளில் அதை வைத்துச் சோதித்ததில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட குறை ஒன்று உண்டு: மார்ஃபினுக்கு நோயாளி அடிமையாகிவிடுவார் என்ற பயம் உண்மை நிலவரத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கிறது. மூச்சு நின்றுவிடும் என்ற பயம் அடுத்தது. வாய்வழி மார்ஃபினைச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும்போது, மூச்சு குறைவதற்கு முன்பே நோயாளி பொதுவாக வழக்கத்தைவிட அதிகமாக மயங்கத் தொடங்குவார். அதைக் கவனிக்கத் தெரிந்தவருக்குப் பயம் இராது, எச்சரிக்கை இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஏறக்குறைய எல்லோருக்கும் வரக்கூடிய மலச்சிக்கலை யாரும் கண்டுகொள்வதில்லை. மார்ஃபினோடு மலமிளக்கியை முதல் நாளே தொடங்காததால் வயிறு உப்பி, மாத்திரையே வேண்டாம் என்று ஒதுக்கும் நோயாளிகள் உண்டு. சாதாரண மார்ஃபின் மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால்தான், வலி வரும்வரை காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே சொன்னது.

கேட்கும் விதமும் ஒரு பாடம். "வலி இருக்காம்மா?" என்றால் நம் ஊரில் வரும் பதில், "பரவாயில்ல சிஸ்டர்." அதை நம்பி வலி மதிப்பெண் பூஜ்ஜியம் என்று குறித்துவிட்டால் கதை முடிந்தது. ராத்திரி தூங்கினீர்களா, ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா, எரிகிறதா, குடைகிறதா, கரன்ட் அடிப்பதுபோல் சுண்டி இழுக்கிறதா என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். எரிச்சலும் கரன்ட் அடிப்பதுபோன்ற உணர்வும் நரம்பு வலியின் அடையாளம். அதற்கு மார்ஃபினோடு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவையும் தேவைப்படலாம். இதைக் கேட்டறிய நேரமும் வாய்ப்பும் மருத்துவரைவிடச் செவிலியருக்கே அதிகம்.

இவ்வளவையும் கற்பித்தால் வலி குறைந்துவிடுமா? இங்கேதான் சங்கடமான சான்று ஒன்று குறுக்கே நிற்கிறது. பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஒரு கட்டுரை, செவிலியரின் அறிவும் மனப்பான்மையும் மேம்பட்டன, ஆனால் நோயாளியின் வலி பெரும்பாலும் அப்படியே இருந்தது என்று கண்டது. பயிற்சியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். மார்ஃபின் இரட்டைப் பூட்டுக்குள். அளவைக் கூட்டும் அதிகாரம் மருத்துவரிடம். அவரை நள்ளிரவில் எழுப்பினால் வசவு. இந்த நிலையில் அறிவு கூடிய செவிலியர் என்னதான் செய்வார்? உகாண்டா வேறு வழியில் போனது. மருத்துவர் பற்றாக்குறை கடுமையாக இருந்த அந்த நாடு, வலி நிவாரணத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர்களே மார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று 2004இல் சட்டத்தைத் திருத்தியது. அங்கே படிப்பும் அதிகாரமும் ஒரே பொட்டலமாக வந்தன.

அமெரிக்காவைப் பாருங்கள், வலி வலி என்று எழுதித் தள்ளி ஒரு தலைமுறையே போதையில் மூழ்கியதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நடந்தது, 1996இல் வந்த ஆக்ஸிகான்டின் மாத்திரையை முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும்கூட நிறுவனமே விளம்பரம் செய்து விற்ற கதை. நம் வரலாறு நேரெதிர். 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைகழுவின; 1997இல் இந்தியா முழுவதும் பயன்பட்டது 18 கிலோ. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அபினி விளைவிக்கும் நாடு இது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். தேவையில் 4 சதவீதம்தான் இந்தியாவுக்குக் கிடைக்கிறது என்று 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து வறட்சியில் இருக்கிறோம்.

செவிலியருக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை, இதையும் சுமத்துவதா என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஐம்பது படுக்கைக்கு இருவர் என்ற வார்டில் வெறும் பயிற்சி வகுப்பு நடத்துவது கேலிதான்; ஆள் போடாமல் இதற்குத் தீர்வு இல்லை. ஆனால் அடங்காத வலியும் வேலைச்சுமைதான். இரவு முழுக்க அழைக்கும் உறவினர், சாப்பிடாத நோயாளி, அவசரமாகப் போட வேண்டிய ஊசிகள் எல்லாம் அதில் அடங்கும்.

2014இல் நம் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பது எளிதாகிவிட்டது. கேரளம் 2008லேயே கொள்கை வகுத்து, வீடு தேடிச் செல்லும் செவிலியரை மையமாக வைத்தது; தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டு வலி நிவாரணம் உண்டு. உகாண்டாவைப்போல் எழுதும் உரிமை உடனே வராவிட்டாலும் போகட்டும். மருத்துவர் கையெழுத்திட்ட நிலையான ஆணை ஒன்று போதும்: வேளைகளுக்கு இடையில் எழும் வலிக்கு இத்தனை மில்லிகிராம்வரை கூடுதல் மாத்திரை, இன்ன மயக்க நிலை வந்தால் நிறுத்தம், வலி மதிப்பெண் இத்தனையைத் தாண்டினால் டூட்டி டாக்டர் வந்தே ஆக வேண்டும். நர்சிங் தேர்விலும் 'மார்ஃபினின் பக்கவிளைவுகள் ஐந்து கூறுக' என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்கலாம்: நான்கு மணிக்கொரு தரம் 10 மி.கி. சாப்பிடும் நோயாளி, இடையில் மூன்று முறை கூடுதலாக 10 மி.கி. கேட்டு வாங்கினார், மயக்கம் இல்லை, நாளைய வேளை அளவு எவ்வளவு? மொத்தம் 90, ஆறு வேளைக்குப் பிரித்தால் 15 என்று எழுதினால் பாதி மதிப்பெண். அந்த 15ஐ டூட்டி டாக்டரிடம் எப்படிச் சொல்லி ஒப்புதல் வாங்குவார் என்பதற்கு மீதி.