மாடு மேய்ப்பவர் கையில் ஊசி: வெக்கை நோய் ஒழிந்த வரலாறு

வெக்கை நோய் என்ற பெயரைக் கேட்டாலே மாடு வைத்திருப்போர் நடுங்கிய காலம் ஒன்று உண்டு. பட்டியில் ஒரு மாட்டுக்குக் கண்டால் போதும், அடுத்தடுத்த மாடுகளும் படுத்துவிடும். உழவு மாடு, கறவை மாடு, கன்று என்ற பேதம் அதற்குக் கிடையாது. அந்த நோய் இன்று உலகில் எந்த நாட்டிலும் இல்லை. உலக விலங்கு நல அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் 2011-ம் ஆண்டு இதை முறைப்படி அறிவித்தன. பெரியம்மைக்கு அடுத்தபடியாக உலகிலிருந்து அடியோடு ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவேயாகும்.

இந்த வெற்றிக்கு நல்ல தடுப்பூசி ஒரு காரணம். ஆனால் அந்த ஊசி கடைசி மாடு வரை போய்ச் சேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் காடுகளில் மாடு மேய்ப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் கையிலேயே ஊசியைக் கொடுத்தார்கள். பலர் தயங்கிய வேலை அது. அது எப்படி நடந்தது என்பதைக் கால்நடை வளர்ப்போர் அனைவரும் தெரிந்து கொள்வது நல்லது.

நோயின் கொடுமை

வெக்கை நோய் ஒரு நச்சுயிரியால் வருவது. மனிதருக்கு வரும் தட்டம்மைக் கிருமிக்கு இது நெருங்கிய உறவு. மாட்டுக்கு 104 முதல் 106 டிகிரி வரை காய்ச்சல் அடிக்கும். தீனி எடுக்காது, அசை போடாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஈறிலும் நாக்கிலும் தவிடு தூவியது போலப் புண் தோன்றும். வாயில் துர்நாற்றம் வீசும். பிறகு இரத்தம் கலந்து கழியத் தொடங்கும். உடம்பில் உள்ள நீரெல்லாம் வற்றி, சில நாட்களில் மாடு செத்துவிடும். இந்த நோயை முன்பு கண்டிராத மந்தைகளில் 100-க்கு 90 மாடுகள் வரை மாண்டதுண்டு.

1880களின் கடைசியில் இந்நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் நுழைந்து, பத்தாண்டுகளுக்குள் கண்டத்தின் தென்கோடி வரை பரவியது. எத்தியோப்பியாவில் உழ மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதில் மடிந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மாடு செத்தால் மனிதனும் சாக வேண்டியதுதான் என்பதை அந்த நாடு நேரில் கண்டது.

நம் நாட்டிலும் வெக்கைதான் கால்நடை ஆராய்ச்சிக்கு வித்திட்டது எனலாம். 1889-ல் புனேயில் தொடங்கி, 1893-ல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வருக்கு மாற்றப்பட்ட ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் வேலை வெக்கைக்கு மருந்து தேடுவதுதான். 1920களில் அங்கே எட்வர்ட்ஸ் என்பவர் கிருமியை ஆடுகளில் தொடர்ந்து செலுத்தி, அதன் வேகத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1954-ல் நாடு தழுவிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் கடைசியாக இந்நோய் தென்பட்டது 1995-ல், தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு பகுதியில் என்பது குறிப்பிடத்தக்கது.

மருந்து இருந்தும் நோய் போகவில்லை

கென்யாவில் முகுகா என்னும் ஊரில் வால்டர் பிளவ்ரைட் என்ற விஞ்ஞானி திசு வளர்ப்பு முறையில் புதிய தடுப்பூசியை உருவாக்கினார். 1960களில் அது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு முறை போட்டால் மாட்டின் ஆயுள் முழுவதும் வெக்கை வராது. உள்நாட்டு மாடு, சீமை மாடு எதற்கும் இது கெடுதல் செய்யவில்லை.

இந்த ஊசியைக் கொண்டு 1962 முதல் 1976 வரை 22 ஆப்பிரிக்க நாடுகளில் பெரும் இயக்கம் நடந்தது. நோய் ஒழிந்து விட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் இரண்டொரு மூலைகளில் கிருமி ஒளிந்திருந்தது. ஊசி போடுவது தளர்ந்தவுடன், 1980களின் தொடக்கத்தில் அது மீண்டும் கிளம்பி லட்சக்கணக்கான மாடுகளை வாரிக்கொண்டு போயிற்று. களையெடுக்கும்போது வரப்போரத்தில் விட்ட ஒரு கோரைக்கிழங்கு அடுத்த போகத்தில் வயல் முழுக்கப் படர்வது போலத்தான் இதுவும்.

கிருமி ஒளிந்திருந்த இடங்கள் எவை? தெற்கு சூடான், எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனம் போன்ற பகுதிகள். அங்கே சாலை இல்லை, மின்சாரம் இல்லை. சில இடங்களில் உள்நாட்டுப் போர் வேறு. தடுப்பூசி மருந்தோ ஐஸ் பெட்டியில் இருந்தாக வேண்டும். ஐஸ் பெட்டியோடு ஜீப் போய்ச் சேருவதற்குள் மந்தை வேறு மேய்ச்சலுக்குப் போயிருக்கும். நகரத்திலிருந்து வரும் அதிகாரியைக் கண்டால் வரி கேட்க வந்தவரோ என்று மாட்டை ஓட்டிக்கொண்டு மறைபவர்களும் உண்டு.

வெயிலைத் தாங்கும் மருந்து

1980களின் கடைசியில் அமெரிக்க கால்நடை மருத்துவர் ஜெப்ரி மாரினர் இந்தச் சிக்கலில் ஒரு பாதிக்கு விடை கண்டார். பிளவ்ரைட்டின் அதே மருந்தை வேறு முறையில் உலர்த்தி, வெயிலைத் தாங்கும்படி செய்தார். இந்த மருந்துக் குப்பியை ஐஸ் இல்லாமலே சுமார் ஒரு மாதம் வைத்திருக்க முடிந்தது. ஆக, ஜீப் வேண்டாம். ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போகலாம்.

ஆனால் யார் நடப்பது? மாதக்கணக்கில் மந்தையோடு அலையக்கூடிய கால்நடை மருத்துவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஏற்கெனவே அங்கே நடந்து கொண்டிருப்பவர் யார் என்று பார்த்தபோது, மாடு மேய்ப்பவரே கண்ணுக்குத் தெரிந்தார்.

ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்

தெற்கு சூடானில் டிங்கா, நூவர் மக்களுக்கு மாடுதான் சொத்து. பாலும் மாடுதான், பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசமும் மாடுதான். கோடையில் நைல் ஆற்றோரப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒன்றாகக் கிடை போட்டிருப்பார்கள். வெக்கை எப்படி வருகிறது, எந்த வயது மாட்டைத் தாக்குகிறது, பிழைத்த மாட்டுக்குத் திரும்ப வராது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். நோய்க்கு அவர்கள் மொழியில் தனிப் பெயரே இருந்தது.

எனவே, 1993 வாக்கில் அங்கே ஐ.நா. குழந்தைகள் நிதியத்தின் திட்டத்தில் பணியாற்றியவர்கள் முதலில் கிடைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பயிற்சிக்கு ஆளை அதிகாரிகள் பொறுக்கவில்லை. ஊரே தேர்ந்தெடுத்தது. படிப்பு பார்க்கப்படவில்லை. மந்தையோடு இருப்பவரா, சொன்னால் பிறர் கேட்பார்களா, நாளைக்கே பட்டணத்துக்குப் போய்விட மாட்டாரே என்பவைதான் பார்க்கப்பட்டன.

பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

பயிற்சி நீண்ட படிப்பு அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படங்களைக் காட்டியும், மாட்டைப் பிடித்து நிறுத்தி நேரில் செய்து காட்டியும் கற்றுக் கொடுத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் பாடங்கள் இவைதாம்:

முதலாவது, மருந்தைக் காப்பது. உலர்ந்த மருந்து வெயிலைத் தாங்கும் என்றாலும், குப்பியை நிழலில்தான் வைக்க வேண்டும். நீர் ஊற்றிக் கலக்கிய பிறகு அதன் வீரியம் சில மணி நேரமே நிற்கும். மீந்ததை மறுநாளைக்கு வைத்துக் கொள்ளக் கூடாது, கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது, அளவு. மாடு ஒன்றுக்கு 1 மி.லி., தோலுக்கு அடியில். மருந்து குறைவாக இருக்கிறது என்று அரை அரையாகப் போட்டால், போட்டும் போடாததற்குச் சமம்.

மூன்றாவது, சுத்தம். ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்கும் நீரில் வேகவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, அடையாளம். ஊசி போட்ட மாட்டின் காதில் ஒரு வெட்டு. அதைப் பார்த்தாலே எது போட்டது, எது விட்டது என்று தெரியும்.

ஐந்தாவது, செய்தி. எங்கே கழிச்சலோடு காய்ச்சல் கண்டாலும், மேற்பார்வை பார்க்கும் மருத்துவருக்கு உடனே ஆள் அனுப்ப வேண்டும். பின்னாளில் ஊசியை விட இந்த ஐந்தாவது பாடமே பெரிதும் உதவியது.

மருத்துவர்களின் கவலை

இந்த ஏற்பாட்டைக் கால்நடை மருத்துவர்கள் பலர் விரும்பவில்லை. ஐந்தாண்டு படித்தவர் செய்யும் வேலையைச் சில நாள் பயிற்சி பெற்றவர் செய்வதா என்று கேட்டார்கள். இது வெறும் பொறாமை அல்ல. தவறாகப் போட்ட ஊசி, போடாமல் விட்ட ஊசியை விடக் கெடுதலானது. மாடு காக்கப்பட்டு விட்டது என்று நம்பி இருந்துவிடுவார்கள். அத்துடன், ஊசி போடக் கற்றவர் நாளைக்குக் கண்ட மருந்தையும் போடத் துணிவார் என்ற அச்சமும் இருந்தது. மேற்பார்வை தளர்ந்த இடங்களில் பயிற்சி பெற்றவர்கள் வேலையை விட்டதும், மருந்து வரத்து நின்று எல்லாம் வீணானதும் உண்டு.

இந்தக் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது. மாட்டின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தால்தான் ஊசி பலித்ததா என்று தெரியும். அஃபார் பகுதியில் 1994-ல் பயிற்சி பெற்ற 20 பேர் சுமார் 73,000 மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். பரிசோதித்தபோது 100-க்கு 83 மாடுகளில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருந்தது. பரந்த பாலைவனத்தில் நடந்தே போய்ப் போட்ட ஊசிக்கு இது மிக நல்ல பலன். 1995 நவம்பருக்குப் பிறகு அஃபாரில் வெக்கை தலைகாட்டவில்லை.

தெற்கு சூடானில் 1992-ல் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் மாடுகளுக்குத்தான் ஊசி போட முடிந்தது. ஊர்த் தொண்டர்கள் இறங்கிய 1993-ல் அது சுமார் 14 லட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. அதே 1993-ல் 11 இடங்களில் கண்ட நோய், 1994-ல் ஒரே இடத்தில்தான் கண்டது. போர் நடந்து கொண்டிருந்த நாட்டில் இது நடந்தது.

உலகில் வெக்கைக் கிருமி கடைசியாகக் கண்டறியப்பட்டது 2001-ல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் உள்ள காட்டெருமைகளிடம். இந்தியா 2006-ல் வெக்கை அற்ற நாடாக உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அடுத்தது ஆட்டுக்கொல்லி

வெக்கைக்குத் தம்பி என்று சொல்லத்தக்க நோய் ஒன்று இன்னும் இருக்கிறது. அது செம்மறி ஆடு, வெள்ளாடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய். காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல், மூச்சு இரைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக 1987-ல் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில், விழுப்புரம் பகுதியில் உள்ள அரசூர் கிராமத்தில்தான். அங்கு எடுத்த கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. இந்த நோயை 2030-க்குள் உலகிலிருந்து ஒழிப்பது என்று 2015-ல் நாடுகள் கூடி இலக்கு வைத்துள்ளன.

அந்த இலக்கு எட்டுமா என்பது, கிடை ஆடுகள் உள்ள கடைசி மேய்ச்சல் காடு வரை ஊசி போய்ச் சேருவதைப் பொறுத்தது. நம் நாட்டில் ஊசி யார் போடலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. 1984-ம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, மாநில அரசு அனுமதிக்கும் சான்று பெற்ற பணியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு மருத்துவப் பணிகளைச் செய்யலாம். எனவே, மருந்தைக் கடையில் வாங்கித் தாமே குத்திக் கொள்வது சரியல்ல.

ஆடு வளர்ப்போர் செய்யக் கூடியவை பல உண்டு. 4 மாதம் நிறைந்த குட்டிகளை விடாமல் முகாமுக்குக் கொண்டு வர வேண்டும். நிறைசினை ஆடு இருந்தால் ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊரில் போடும் மருந்து ஐஸ் பெட்டியில் வருகிறதா, கலக்கிய மருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்கிறதா என்று கவனித்துக் கேட்பதில் தவறில்லை. புதிதாகச் சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியே கட்ட வேண்டும். கிடை ஆடுகளை வேறு ஊருக்கு ஓட்டிச் செல்பவர்கள், போகும் தேதியை முன்கூட்டியே கால்நடை மருந்தகத்தில் தெரிவித்தால், புறப்படுவதற்கு முன்பே ஊசி போட ஏற்பாடு செய்து கொள்ளலாம். மந்தையில் இரண்டு மூன்று ஆடுகள் ஒரே சமயத்தில் சளியும் கழிச்சலுமாக நின்றால், விற்றுத் தள்ளாமல் அன்றே தகவல் கொடுக்க வேண்டும்.