உங்களுக்குத் தெரியுமா? கொழும்பைத் தொட்டுப் போன டாலர்

‘1804 வெள்ளி டாலர்’ என்று பெயர்பெற்ற அமெரிக்க நாணயம் உண்மையில் அச்சானது 1834-ல்தான். மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் பரிசளிக்க! தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் அதைக் கொண்டுசென்ற ‘பீகாக்’ போர்க்கப்பல், மஸ்கட்டிலிருந்து பம்பாய், கொழும்பு வழியாகவே சயாம் போனது. சுல்தானிடம் இருந்ததாகக் கருதப்படும் நாணயம் 1999 ஏலத்தில் 41 லட்சம் டாலரைத் தாண்டியது. வெள்ளியின் எடைக்கா இந்த விலை? அரிய காசு என்பதோடு, யார் யார் கைமாறி வந்தது என்ற சரித்திரத்துக்கும் சேர்த்துத்தான்.

திருவாரூர்ப் பக்கம் வயலில் மண்வெட்டிக்குப் பழங்காசு தட்டுப்பட்டால் ஏலக் கனவு காணாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.