விதி எழுதும் கையும் பை திறக்கும் கையும்

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளையும் பைகளையும் சோதிப்பது டிஎஸ்ஏ எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த அமைப்பு இது. அதுவரை சோதனைச் செலவு விமான நிறுவனங்களின் தலையில் இருந்தது. அவை மலிவாகச் செய்து தரும் தனியார் ஒப்பந்ததாரர்களிடம் வேலையை விட்டன. சம்பளம் போதாமல் ஆட்கள் வந்த வேகத்தில் வெளியேறினார்கள். அரசே பொறுப்பேற்றது சரியான முடிவுதான். ஆனால் அந்த அவசரத்தில் விதி எழுதுவது, அதன்படி சோதிப்பது, சோதனையின் தரத்தைப் பார்ப்பது ஆகிய மூன்று வேலைகளும் ஒரே அமைப்பிடம் போய்ச் சேர்ந்தன. கோளாறு அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பயணிகளை அதிகம் எரிச்சலூட்டிய மூன்று விதிகளைப் பாருங்கள். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் தன் காலணிக்குள் இருந்த வெடிமருந்தைப் பற்றவைக்க முயன்றான். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் வந்த ஒருவனின் உள்ளாடையில் வெடிமருந்து இருந்தது. இவற்றை அடுத்துதான் காலணி கழற்றுதல், 100 மில்லி திரவ வரம்பு, எங்கும் உடல் ஸ்கேனர் எல்லாம் வந்தன. முதலும் மூன்றும் சக பயணிகளும் பணியாளர்களும் பாய்ந்து தடுத்தவை. இரண்டாவதை முறியடித்தது பிரிட்டிஷ் காவல்துறை. மூன்றில் ஒன்றுகூட டிஎஸ்ஏவின் சோதனை வரிசையைத் தாண்டி வந்ததல்ல. 2006இல் எல்லோருக்கும் கட்டாயமான காலணி விதி 2025 ஜூலை வரை நீடித்தது. ஒரு விதியைச் சேர்த்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீக்கியவருக்கோ, நாளை எது நடந்தாலும் பழி அவர் மேல். விதி எழுதுபவரே வாசலிலும் நின்றால், எந்த விதி வீண் என்று சொல்ல அவருக்கு மனம் வருமா?

2015இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அனுப்பிய ஆட்கள் போலி வெடிகுண்டுகளோடும் ஆயுதங்களோடும் மாறுவேடத்தில் போனார்கள். 70 முயற்சிகளில் 67 பிடிபடவில்லை. செய்தி கசிந்ததும் டிஎஸ்ஏவின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். கவனிக்க வேண்டியது, இந்த ஓட்டையைக் காட்டியவர் டிஎஸ்ஏவுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. 2024இல் மட்டும் 6,678 துப்பாக்கிகளைப் பிடித்தோமே என்று அமைப்பு சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பையில் இருப்பதை மறந்துவிட்டேன் என்று சொல்லும் உரிமையாளர்களுடையவை. ஒளிக்க முனைபவனைப் பிடிக்கும் திறனுக்கு அது அளவுகோல் ஆகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2001க்கு முன்பு விதி எழுதியது மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், சோதித்தது தனியார். பிரித்து வைத்தும் தோற்றார்களே? உண்மை. ஆனால் அன்று 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தியை விதியே அனுமதித்தது. அதோடு, செலவைக் குறைக்க விரும்பியவரே ஆளை நியமித்தார். பணம் தருபவரையும் மாற்றினால் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோவில் இன்றும் தனியார் ஊழியர்களே சோதிக்கிறார்கள். ஒப்பந்தமும் பணமும் டிஎஸ்ஏவுடையவை. இந்தியாவிலும் பிரிவினை உண்டு. விதிகளை சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் வகுக்கிறது; இந்திய விமானம் ஒன்று காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பின் 2000இல் ஜெய்ப்பூரில் தொடங்கி, பெரிய நிலையங்களில் சோதிப்பது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை.

2001 செப்டம்பர் தாக்குதலில் நடந்ததைப் போன்ற விமானக் கடத்தல் அதன் பிறகு அமெரிக்காவில் நடக்கவில்லையே என்பது அடுத்த வாதம். ஆனால் விமானி அறைக் கதவுகளும் பலப்படுத்தப்பட்டன. கடத்தல்காரன் சொன்னபடி உட்கார்ந்திருக்கப் பயணிகளும் இனித் தயாரில்லை. டிஎஸ்ஏவின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய, அதற்கு வெளியே நிற்கும் சோதனைக் குழு ஒன்று தொடர்ந்து இயங்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒருவழிப் பயணத்துக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணத்தைப் பயணிகள் ஏற்கெனவே கட்டுகிறார்கள். 2013இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதில் ஒரு பகுதியை பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கத் திருப்பிவிட்டது.