பிள்ளை பார்ப்பதும் வேலைதான்!

முன்பெல்லாம் பிரட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கொட்டகைகள் பல மறைந்த பின், அந்தப் பொறுப்பு பக்கத்து வீட்டு அக்காவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாத சகோதரிகளுக்கு இது ஒரு வருமானம்.

ஆனால், "நம்ம பிள்ளை மாதிரிதானே, குடுக்கறதைக் குடு" என்று தொடங்காதீர்கள்! பின்னால் மனக்கசப்பு அதிலேதான் வருகிறது. மாதச் சம்பளம் எவ்வளவு, பால்மாவு யார் செலவு, எத்தனை மணிக்குப் பிள்ளையை அழைத்துப் போவது என்று முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சட்டமும் உண்டு. 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, பல குடும்பங்களின் 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 4 பேரோ, அதற்கு மேலோ கூலிக்குப் பார்த்தால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது மையங்களின் விதி. வீட்டிலும் அந்தக் கணக்கையே வைத்துக்கொள்வோம். நம் பிள்ளையையும் சேர்த்தே எண்ணுவோம். இரண்டு கைதானே நமக்கு!

பால்வெட்டுக்குக் கூலி கேட்கத் தயங்காத நாம், பிள்ளை பார்ப்பதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?