பவளப்பாறையில் பதிந்த பூகம்பக் கணக்கு

சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன மெந்தாவாய் தீவுகள். கடல் நன்றாக வற்றும் வேளையில் இந்தத் தீவுகளின் ஓரங்களில் வட்ட வட்டமாகப் பவளப்பாறைகள் தலைகாட்டும். 1990களில் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தைச் சேர்ந்த புவியியலாளர் கெர்ரி சீ இந்தப் பாறைகளைத் தேடி வந்தார். இந்தோனேசிய ஆய்வாளர் டேனி ஹில்மன் நதாவிஜாஜா அவருடன் சேர்ந்துகொண்டார். நிலநடுக்கத்தைப் பதியும் கருவிகளே இல்லாத காலத்தில் நடந்த பெரும் நிலநடுக்கங்களின் தடயங்களைத்தான் அவர்கள் தேடினார்கள்.

இங்கே நிலத்துக்கு அடியில் நடப்பது இதுதான். இந்தியப் பெருங்கடலின் தரையாக இருக்கும் தட்டு, சுமத்ராவைத் தாங்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வேகத்தில் புகுந்துகொண்டிருக்கிறது. ஆனால் வழுக்கிக்கொண்டு போவதில்லை. உரசும் பரப்பில் பல இடங்களில் இரண்டு தட்டுகளும் இறுகப் பூட்டிக்கொள்கின்றன. கீழே போகும் தட்டு, மேல்தட்டின் விளிம்பையும் தன்னோடு இழுக்கிறது. அழுத்திப் பிடித்த மூங்கில் பிளாச்சுபோல மேல்தட்டு பல தலைமுறைகளாக வளைந்துகொண்டே போகும். பூட்டு விடுபடும் அன்று சில நிமிடங்களுக்குள் அது நிமிர்ந்துவிடும். அந்த அதிர்ச்சிதான் நிலநடுக்கம். கூடவே கடல்தரை எழும்போது அதன்மேல் நிற்கும் தண்ணீர் முழுவதும் தூக்கி எறியப்படுகிறது. அதுதான் ஆழிப்பேரலை.

மெந்தாவாய் தீவுகள் பூட்டிக்கிடக்கும் இந்தப் பகுதிக்கு நேர் மேலே இருக்கின்றன. அதனால் நிலநடுக்கம் இல்லாத காலங்களில் தீவுகளும் மெல்லத் தாழ்கின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்வரை இறங்குகின்றன.

பவளத்துக்கு இது எப்படித் தெரியும்? பவள உயிரிகள் காற்றில் நெடுநேரம் பிழைக்காது. ஆகவே, கடல் மிகவும் வற்றும்போது நீர் எந்த மட்டத்தில் நிற்குமோ, அதுவரைதான் அவை மேல்நோக்கி வளர முடியும். அதன்பின் பக்கவாட்டில் மட்டுமே வளரும். இப்படி உச்சி தட்டையான பாறையை ‘மைக்ரோஅட்டால்’ என்கிறார்கள் ஆய்வாளர்கள். நிலம் தாழ்ந்தால் நீர் ஆழமாகும். பவளத்தின் வெளிவிளிம்பு அதற்கேற்ப உயரும். நிலம் திடீரென்று மேலே வந்தால், நீருக்கு வெளியே நிற்கும் பகுதி செத்துப்போகும். நீரில் எஞ்சிய கீழ்ப்பகுதி மட்டும் தொடர்ந்து வளரும்.

ஆய்வாளர்கள் சங்கிலி ரம்பத்தால் இந்தப் பாறைகளை நடுவிலிருந்து விளிம்புவரை பலகையாக அறுத்து எடுத்தார்கள். எக்ஸ்ரே படத்தில் ஆண்டுக்கொரு வரி தெரிந்தது. யுரேனியம், தோரியம் அளவுகளைக் கொண்டு வயதையும் கணித்தார்கள். 1797, 1833 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரும் நிலநடுக்கங்கள் நடந்ததற்கான தடயம் அதில் இருந்தது. 1833இல் சில இடங்களில் நிலம் 2 மீட்டருக்கும் மேல் எழுந்திருக்கிறது. இன்னும் பழைய பாறைகளையும் ஆராய்ந்தபோது, சுமார் 700 ஆண்டுகளில் ஏறத்தாழ 200 ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப்பட்ட நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து வந்திருப்பது தெரிந்தது. 1833ஐ அடுத்த தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. 2004 ஜூலையில் சீயின் குழு தீவு மக்களுக்குச் சுவரொட்டிகளையும் துண்டறிக்கைகளையும் கொடுத்து எச்சரித்தது.

ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 26 அன்று, அந்தத் தீவுகளுக்கு வடக்கே பூட்டு விடுபட்டது. சிமெலுவே தீவுக்கு அருகே தொடங்கிய உடைப்பு, அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. அளவு 9.1. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. வடக்கு அந்தமானில் பவளத்திட்டுகள் நீருக்கு வெளியே வந்தன. அலை சென்னைக்கு வந்துசேர சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. அன்று இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லாததால், அந்த அவகாசம் நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் யாருக்கும் உதவவில்லை. மொத்தம் சுமார் 2,30,000 பேர் இறந்தார்கள்.

புவி இயற்பியலுக்கும் அது பாடமாக அமைந்தது. இளமையான தட்டு வேகமாகப் புகும் இடங்களில்தான் மிகப்பெரிய நிலநடுக்கங்கள் வரும் என்று லாரி ரஃப், ஹிரூ கனமோரி ஆகியோர் 1980இல் ஒரு விளக்கம் தந்திருந்தார்கள். பழைய தட்டு மெதுவாகப் புகும் சுமத்ரா–அந்தமான் பகுதி அதில் அடங்கவில்லை.

ஓரிடத்தில் பூட்டு விடுபட்டால் பக்கத்துப் பகுதியில் அழுத்தம் கூடும். வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகப் புவி இயற்பியலாளர் ஜான் மெக்லாஸ்கியும் சக ஆய்வாளர்களும் அந்தக் கூடுதல் சுமையைக் கணக்கிட்டு, அடுத்த பகுதியில் ஆபத்து மிகுந்திருப்பதாக 2005 மார்ச் 17 அன்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பதினோரே நாளில், மார்ச் 28 அன்று, நியாஸ் தீவை 8.6 அளவு நிலநடுக்கம் தாக்கியது. நாளையும் மணியையும் அவர்கள் சொல்லவில்லை. இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது. எங்கே சுமை ஏறுகிறது என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

மெந்தாவாய் பகுதியில் 2007 செப்டம்பரில் 8.4 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. ஆனால் சேர்ந்திருந்த சுமையில் ஒரு பங்குதான் அதில் கழிந்தது. 2010 அக்டோபரில் பகாய் தீவுகளை வேறு வகை நிலநடுக்கம் தாக்கியது. அதிர்வு மென்மையாகத்தான் இருந்தது. அலையோ 400க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. வடக்கே சிபெருத் தீவுக்கு அடியில் பூட்டு இன்னும் விடுபடவில்லை. பாடாங் நகரம் அதற்கு எதிரேதான் இருக்கிறது.

2004இல் உடைப்பு தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவே தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான். 1907இல் அடித்த பேரலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள்: நிலம் ஆடினால், கடல் பின்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. 2007 முதல் ஹைதராபாத்தில் இந்தியாவின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நம் கரைக்கு இன்று எச்சரிக்கை வரும். ஆனாலும் கடல் திடீரென உள்வாங்கினால், செல்பேசியில் தகவல் வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கக் கரைக்குப் போகாமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும். கடற்கரை ஊர்களின் ஒவ்வொரு பள்ளியிலும் இதைச் சொல்லித்தர வேண்டும்.