பெரிய வீட்டின் மௌனம்

ஒரு குடும்பத்தின் வறுமையைக் காட்டுவது எளிது. அதன் அன்பைக் காட்டுவதும் எளிது. அன்பிருந்தும் அது வாய்திறவாது கிடக்கும் வீட்டைக் காட்டுவதே அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடித்த படம் ஒன்று 1963ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே உருவாயிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறியாள்கை செய்த ‘கம்பெரலிய’ என்னும் சிங்களப் படமே அது. அண்மையில் கலாசாலை மாணவர் சிலரோடிருந்து அதனை மீண்டும் பார்த்தேன். படம் முடிந்ததும் ஒரு மாணவர், “ஐயா, இதிலே ஒருவரும் மனம்விட்டு ஒன்றும் பேசவில்லையே!” என்றார். அவர் குறையாகச் சொன்னார். ஆயினும் படத்தின் உயிர்நிலையைத் தம்மையறியாமலே தொட்டுவிட்டார். அவருக்கு விடை கூறப் புகுந்தபோது எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

பாட்டை விலக்கிய படம்

முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது உருவானதும் தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையமொன்றிலேதான். அதன்பின் பல்லாண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. அரசாங்கத் திரைப்படப் பிரிவை விட்டு வெளியேறிய பீரிஸ், 1956இல் வந்த ‘ரேகாவ’ படத்தினால் அவ்வச்சினை உடைத்தார். ‘கம்பெரலிய’வில் இன்னும் ஒருபடி மேற்சென்று, படப்பிடிப்பு நிலையத்தையே துறந்தார். தென்பகுதியில் உண்மையாகவே நின்ற பழைய பெருவீடு ஒன்றிற்குள் வில்லியம் பிளேக்கின் ஒளிப்பதிவுக் கருவி புகுந்தது. றெஜி சிறிவர்த்தன திரைக்கதை எழுதினார், அமரதேவ இசையமைத்தார். 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் தங்கமயில் விருதினைப் பெற்றது.

இதிலே காதலர் பாடுவதில்லை. இதனை ஒரு சிறு மாற்றமென்று எண்ணுதல் தவறு. நம் படங்களில் வாய்விட்டுச் சொல்லமுடியாத அனைத்தையும் பாட்டே சொல்லிவிடுகிறது. தந்தைக்கு அஞ்சும் பெண்ணும் பாட்டிலே துணிவு பெற்றுவிடுவாள். பாட்டை எடுத்துவிட்டால் அவளுக்கு எஞ்சுவது மௌனம் ஒன்றே. பீரிஸ் நந்தாவிடமிருந்து பாட்டைப் பறித்துக்கொண்டு, அவள் முகத்தை மாத்திரம் நமக்குத் தந்தார். புண்யா ஹீன்தெனியவின் அசைவற்ற அம்முகம் நெடுநேரம் திரையில் நிற்கிறது. அதனைப் படிக்கும் பொறுப்பு நம்முடையதாகின்றது.

கதை

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் வெளியிட்ட நாவலே படத்தின் மூலம். முகாந்திரம் பட்டம் பெற்ற ஒருவரின் பெரிய வீடு. பெருமை தேயாது பொருள் மாத்திரம் தேய்ந்துவரும் குடும்பம். இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பியல் என்னும் இளம் ஆசிரியன் வருகிறான். இருவர் உள்ளமும் ஒன்றையொன்று நாடுகின்றன. அவன் குலம் தாழ்ந்ததென்று பெற்றோர் மறுத்து, குடிப்பெருமையுடைய ஜினதாசவுக்கு அவளை மணமுடிக்கின்றனர். வறுமை நெருக்க, ஜினதாச பொருள் தேடித் தொலைவூர் செல்கிறான். அங்கே இறந்தானென்ற செய்தி வருகிறது. கொழும்பில் வணிகஞ்செய்து செல்வனாகிவிட்ட பியல் நந்தாவை மணக்கிறான். பின்னரோ, முன்பு வந்த செய்தி பொய்யென்பதும், ஜினதாச இப்போதுதான் தொலைவிலுள்ள மருத்துவமனையில் மாண்டான் என்பதும் தெரிய வருகின்றன. நந்தா அவனைக் கணவனென்றே கருதித் துக்கங்காக்கிறாள். பியலின் நெஞ்சில் பொறாமை கனல்கிறது.

சொல்லைச் சுமப்பார் இல்லை

நம் அகத்திணை மரபிலும் தலைவி தன் காதலைத் தந்தையிடம் நேரே உரைப்பதில்லை. ஆனால் அதற்கெனவே நம் முன்னோர் ஒரு வழி வகுத்தனர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் உண்மையை உரைப்பதை ‘அறத்தொடு நிற்றல்’ என்றனர். நாணமும் கெடாது, உண்மையும் மறையாது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குச் சொல் மாறி மாறி உரியவரைச் சென்றடையும். இதனை நான் முப்பதாண்டுகளாக இலக்கண விதியாகவே கற்பித்து வந்தேன். அது குடும்பத்தைக் காக்கும் ஓர் ஏற்பாடு என்பதை இப்படத்தைப் பார்த்த பின்னரே முற்றாக உணர்ந்தேன்.

பெரிய வீட்டிலே அத்தொடர் அறுந்து கிடக்கிறது. தாய் கொடியவள் அல்லள். தந்தையும் மகளை வெறுப்பவர் அல்லர். ஆயினும் குலப்பெருமை என்னும் ஒன்று ஒவ்வொருவர்க்கும் இடையே திரையாகத் தொங்குகிறது. நந்தாவின் உள்ளம் யாது என்னும் வினா அங்கே முடிவினைத் தீர்மானிக்கும் வினாவாக ஒருபோதும் எழவில்லை. மூத்த மகள் அனுலா மணமின்றியே வாடுகிறாள். மகன் திஸ்ஸ நகரம் நோக்கிப் போகிறான். ஒருவரையொருவர் நேசித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் அயலாராய் வாழ்கின்றனர்.

படத்தின் கூர்மை இதன்பின்னரே புலப்படுகின்றது. பணம் வந்து பழைய மதிலை இடித்துவிட்டது; பியலும் நந்தாவும் கணவன் மனைவியாகிவிட்டனர். இனியேனும் பேசலாமே! பேச முடியவில்லை. ஒரு காலத்தில் பேச்சைத் தடுத்தது குலம். அது தளர்ந்த பின்னும், பேசிப் பழகாத நாவுகள் அப்படியே இருக்கின்றன. மௌனம் பழைய வீட்டோடு பாழாகிப் போகாமல், புதிய வீட்டுக்கும் சீதனமாக வந்து சேருகிறது. கிராமத்தின் மாற்றத்தைச் சொல்லும் கதையென்றே இதனைப் பலரும் போற்றுவர். மாறாததைச் சொல்வதே இதன் துயரம் என்பேன்.

நம் வீடுகளில்

என் தந்தையாரும் ஆசிரியரே. எனக்குப் பன்னிரண்டு வயதான பின் அவர் என்னோடு நேரே பேசியது அரிது. நான் எட்டிய தூரத்தில் இருப்பினும், “அவனைச் சாப்பிட வரச்சொல்” என்று அம்மாவிடமே சொல்வார். எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்த அன்றும், “அவனுக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் கொடு” என்றார், அம்மாவிடந்தான். அதுவே கண்ணியமென்று எண்ணி வளர்ந்தேன். அவர் இன்று இல்லை. அவருடைய வழக்கம் மாத்திரம் என் வீட்டிலே இருக்கிறது. என் மகனுக்குரிய சொற்களை அவன் தாயிடமே நான் ஒப்படைத்து வருகிறேன்.

‘கம்பெரலிய’ நாவலை எம். எம். உவைஸ் ‘கிராமப் பிறழ்வு’ என்னும் பெயரில் தமிழாக்கியுள்ளார். மாணவர் அதனைக் கற்றுப் பின் படத்தைப் பார்ப்பாராயின், எழுத்தில் ஆசிரியர் விளக்கியுரைப்பவற்றைத் திரையில் நெறியாளர் எவ்வாறு சொல்லாமற் சொல்கிறார் என்பதை ஒப்புநோக்கலாம். சொல்லாமற் சொல்லுதல் கலைக்கு அணியாகும். இல்லறத்துக்கு அது எப்போதும் அணியாகாது.

அன்றிரவு வீடு சென்றபோது மகன் மேசையருகே படித்துக்கொண்டிருந்தான். “தம்பி, சாப்பிட்டியோ?” என்று அவனிடமே கேட்டேன். அவன் நிமிர்ந்து, யாரைக் கேட்கிறேன் என்று அறியத் தாயைத் திரும்பிப் பார்த்தான்.